கணினி விழிக்குமுன் ஒரு வரி

பின் வரிசையை முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! குற்றாலத்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற நேரம் இது. அதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பற்றிய பேச்சைக் கேட்கத் தென்காசிக்கு வந்தவர்களுக்குத் என் வணக்கம்.

கவிதை ரசனைக்குப் பேர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு பாட்டை எடுத்தால் அவர் அதை அவசரப்பட்டுக் கீழே வைக்க மாட்டாராம். திரும்பத் திரும்பச் சொல்லுவார், சொல் சொல்லாக நிறுத்துவார், கேட்பவரையும் நிறுத்தி வைப்பார். அந்தத் தைரியத்தில் நானும் இன்று ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கம்பன் வரி இல்லை. சந்தமும் கிடையாது. கணினியின் பொத்தானை அழுத்திய பிறகு, திரையில் படமும் ஐகானும் வருவதற்கு முன்பு, யார் கண்ணிலும் படாமல் கடந்துபோகிற ஒரு வரி. அதைப் பூட் பாராமீட்டர் என்று சொல்லுகிறார்கள். பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் லினக்ஸ் இயங்குதளம், எந்தக் கணினியில் செருகினாலும் எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது அந்த வரி. அதை எழுதும் உரிமை நம் கையில் இருக்கிறது. இதுதான் என் பேச்சு.

இதைத் தென்காசியில் ஏன் பேச வேண்டும்? காரணம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அன்று பிளஸ் டூ படித்த பிள்ளை இன்று பிள்ளை பெற்று வளர்க்கிறது. அந்த மடிக்கணினி எங்கே? துணிமூட்டைக்கு அடியில். விண்டோஸ் நகர மறுத்தது, வைரஸ் ஏறியது, ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டது. அவ்வளவுதான், தூக்கிப் பரணில் போட்டாகிவிட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? கொடுத்தவர்களும் சொல்லிக்கொடுக்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை.

இங்கிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையேறி இறங்கினால் கேரளம். அங்கே 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அதே மழை, அதே மலை. அந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழக்கமான ஒன்று, இந்தப் பக்கம் பொறியியல் முடித்தவருக்கும் புதிதாக இருக்கிறது. மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. ஆனால் பக்கத்து ஊரில் மென்பொருள் நிறுவனம் இருப்பதால் நம் வீட்டுக் கணினி நமக்குப் புரிந்துவிடுமா?

சரி, வரிக்கு வருவோம்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? முதலில் தாய்ப்பலகையில் இருக்கும் சின்ன நிரல் விழிக்கிறது. பழைய கணினியில் அதன் பெயர் பயாஸ். புதியதில் யு.இ.எஃப்.ஐ. அது பென் டிரைவைப் பார்த்து, அதில் இருக்கும் பூட் லோடரைக் கூப்பிடுகிறது. கிரப், சிஸ்லினக்ஸ் எல்லாம் அந்த வகை. நீங்கள் பார்க்கும் மெனு அதனுடையது. பூட் லோடர் லினக்ஸின் மைய நிரலான கர்னலை எடுத்து ரேமில் வைக்கிறது. வைத்துவிட்டுச் சும்மா ஒதுங்குவதில்லை. கர்னலின் கையில் ஒரு துண்டு வரியைக் கொடுத்துவிட்டுத்தான் ஒதுங்குகிறது. கர்னல் அந்த வரியைப் படிக்கிறது. அடுத்து வரும் தொடக்க நிரல்களும் அதே வரியைப் படிக்கின்றன. அவரவருக்கான சொல்லை அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தருவிச் சாலையில் ஒரு டீக்கடையில் போய் நிற்கிறோம். "அண்ணாச்சி, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சர்க்கரை அரை." மாஸ்டர் ஆற்ற ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி டம்ளர் கைக்கு வந்த பிறகு சர்க்கரையைக் குறைக்க முடியுமா? பூட் வரியும் அப்படித்தான். அதிலும் இரண்டு வகைச் சொல் உண்டு. "ஸ்ட்ராங்" என்பது தனிச் சொல், சொன்னாலே போதும். "சர்க்கரை அரை" என்பதில் ஒரு பெயர், ஒரு அளவு. அதைப் பூட் வரியில் நடுவில் சமக்குறி போட்டு எழுத வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. இலக்கணம் இவ்வளவுதான். சாதாரணக் கணினிகளின் கர்னல் 2048 எழுத்து வரை இந்த வரியை ஏற்றுக்கொள்கிறது. நமக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

இந்த வரியை எங்கே எழுதுவது? மெனு வந்ததும் என்டரைத் தட்டாமல் கையைக் கட்டுங்கள். கிரப் மெனுவாக இருந்தால் ஆங்கில இ விசை. சிஸ்லினக்ஸ் வகையாக இருந்தால் டேப் விசை. வரி திரையில் திறந்துகொள்ளும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் லைவ் பதிப்பு என்றால் அதில் பூட் சமம் லைவ், காம்பொனன்ட்ஸ், க்வயட், ஸ்பிளாஷ் என்று சொற்கள் நிற்கும். கிரப்பில் லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, வேண்டியதைத் தட்டி, எஃப்10 அழுத்தினால் கிளம்பிவிடும். டேப் வகையில் என்டர் போதும். சொற்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், சமக்குறிக்குப் பின் வரும் சில மதிப்புகளில் மட்டும் பெரிய எழுத்து வரும். பயப்பட ஒன்றுமில்லை. இங்கே எழுதியது இந்த ஒருமுறைக்கு மட்டும். அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்தால் பழைய வரியே வந்து நிற்கும். தப்பாக எழுதினாலும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் தீர்ந்தது. கணினி உலகத்தில் இவ்வளவு பெருந்தன்மையான பலகை வேறு இல்லை என்பது என் கட்சி.

இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். பரணில் இருந்து இறக்கிய கணினியில் பென் டிரைவைச் செருகுகிறோம். மெனு வருகிறது. என்டர் தட்டுகிறோம். திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கறுப்பு. "லினக்ஸ் இதுல ஓடாதுண்ணே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தம்பி எழுந்துவிடுகிறான். பல சமயம் லினக்ஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திரையை ஓட்டும் கிராபிக்ஸ் சில்லோடு மட்டும் அதற்கு ஒத்துப்போகவில்லை. இதற்கு ஒரு சொல் இருக்கிறது: நோமோட்செட். நோ, மோட், செட் மூன்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுவது. "திரையின் அளவை நீயாக மாற்றாதே, பயாஸ் கொடுத்ததை வைத்துச் சமாளி" என்று பொருள். படம் கொஞ்சம் மங்கலாக வரலாம், வீடியோ தடுமாறலாம். ஆனால் வரும். ஒரு சொல்லால் ஒரு கணினி குப்பைக்குப் போகாமல் தப்பிக்கிறது.

அடுத்த சொல் டுரேம். ஆங்கிலத்தின் டு, ரேம் இரண்டையும் ஒட்டி எழுத வேண்டும். பென் டிரைவில் இருக்கும் முழு அமைப்பையும் முதலில் ரேமுக்குள் அள்ளிக்கொண்டு, பிறகு அங்கிருந்தே ஓடு என்று அர்த்தம். எழுந்திருக்கும்போது நேரம் எடுக்கும். எழுந்தபின் பறக்கும். இன்னொரு வசதி, பென் டிரைவைக் கழற்றிவிடலாம். கழற்றிப் பக்கத்துக் கணினியில் செருகலாம். ஒரே பென் டிரைவை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வகத்தின் கணினிகளை ஒவ்வொன்றாக எழுப்பிவிடலாம். ஒரு கணக்கு மட்டும் மனசில் இருக்கட்டும். அமைப்பு மூன்று ஜிபி, கணினியின் ரேம் இரண்டு ஜிபி என்றால் இந்தச் சொல் உதவாது. படி பெரிதாக இருந்தால்தான் அரிசி கொள்ளும், இதை நான் வேறு சொல்ல வேண்டுமா!

1.5 ஜிபி ரேம் உள்ள பள்ளிக் கணினியில் பென் டிரைவ் லினக்ஸ் எப்படி ஓடும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். உங்கள் பெரிய கணினியில் மெம் சமம் 1500எம் என்று எழுதி எழுப்புங்கள். இருக்கிற எட்டு ஜிபியை மறந்துவிட்டு, அவ்வளவுதான் எனக்குச் சொத்து என்று கர்னல் நம்பி ஓடும். ஆசிரியர்களே, பள்ளிக்குப் பென் டிரைவை எடுத்துப்போகும் முன்னால் ராத்திரி வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். இந்த ஒரு சொல்லுக்காகவே நான் லினக்ஸ்காரர்களைக் கும்பிடுவேன்.

இன்னொரு வேடிக்கை. பென் டிரைவில் எழுப்பி, இந்திய நேரத்தைத் தேர்ந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மாலை மூன்றரை காட்டும். கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? இல்லை. விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்டுகிறது. டெபியன் லைவ் வரியில் டைம்சோன் சமம் என்று போட்டு ஆசியா, கொல்கத்தா என்று முதலெழுத்துகளைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு சாய்கோட்டோடு எழுதி, யு.டி.சி. சமம் நோ என்றும் சேர்த்தால் சண்டை தீர்ந்தது. அதே இடத்தில் லோக்கேல்ஸ் என்ற சொல்லால் மொழியையும் கேட்கலாம். தமிழுக்கு டி-ஏ, ஓர் அடிக்கோடு, இந்தியாவுக்குப் பெரிய எழுத்தில் ஐ-என். திரையின் மெனுக்கள் தமிழில் வரும். முழுக்க வருமா என்றால், வராது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மொழிபெயர்த்தவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்த வேலை அது. மீதிப் பாதியைச் செய்ய இந்த அரங்கில் ஆள் இல்லையா என்ன?

இப்போது நான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். நினைவு பற்றிய இடம்.

பென் டிரைவ் லினக்ஸ் இயல்பில் மறதிக்காரன். உள்ளே இருக்கும் அமைப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. படிக்கலாம், எழுத முடியாது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அதன் மேல் விரித்த ஒரு மெல்லிய படலத்தில், ரேமில் போய் உட்காரும். அணைத்தால் படலம் போச்சு. காலையில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தீர்கள், கடிதம் எழுதினீர்கள், மாலையில் அணைத்தீர்கள். மறுநாள் விசைப்பலகையும் இல்லை, கடிதமும் இல்லை.

நினைவு வேண்டும் என்றால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். டெபியனில், பென் டிரைவில் மிச்சம் இருக்கும் இடத்தில் பெர்சிஸ்டென்ஸ் என்று பெயரிட்ட ஒரு பகுதியை உருவாக்கி, அதற்குள் எதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இது முதல் காரியம். இரண்டாவது, பூட் வரியில் பெர்சிஸ்டென்ஸ் என்ற சொல் இருக்க வேண்டும். பகுதி இருந்தும் சொல் இல்லை என்றால் கணினி அதைத் தொடவே தொடாது. சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் இதே வேலைக்குச் சொல் பெர்சிஸ்டென்ட். கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. ஒன்றின் சொல்லை மற்றதில் எழுதினால் என்ன பிழைச் செய்தி வரும்? ஒன்றும் வராது! தனக்குத் தெரியாத சொல்லைக் கர்னல் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்து வரும் நிரலிடம் அப்படியே தள்ளிவிடுகிறது. அந்த நிரலும் தெரியாத சொல்லைக் கண்டுகொள்ளாமல் விடும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு மறுநாள் வெறும் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்த மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்லுகிறேன், வரியை எழுதிவிட்டு நம்பிக்கையோடு இருக்காதீர்கள். எழுந்தபிறகு சரிபாருங்கள். கட்டளைச் சாளரமான டெர்மினலைத் திறந்து ப்ராக் என்ற அடைவில் சிஎம்டிலைன் என்ற கோப்பைப் படித்தால், இந்தக் கணினி என்ன வரியைக் கேட்டு எழுந்தது என்று எழுத்து பிசகாமல் காட்டும்.

இதே நினைவுக்கு இன்னொரு பக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பக்கம். பெர்சிஸ்டென்ஸ் என்பதோடு சிறுகோடு போட்டு ரீட், ஒன்லி என்று சேர்த்து இன்னொரு சொல் இருக்கிறது. "நினைவைப் படி, ஆனால் புதிதாக எதையும் எழுதாதே" என்று அதற்குப் பொருள். ஒரு பள்ளி ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருமுறை உட்கார்ந்து தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, கணக்குப் பாட நிரல், ஓவியப் பலகை எல்லாம் அமைக்கிறார். அதன்பிறகு இந்தச் சொல்லைச் சேர்த்துவிடுகிறார். பிள்ளைகள் வருகிறார்கள். ஐகானை அழிக்கிறார்கள், பின்னணிப் படத்தை மாற்றுகிறார்கள், திரையைத் தலைகீழாக நிற்க வைக்கிறார்கள். அணைத்து எழுப்பினால் ஆசிரியர் அமைத்தபடியே நிற்கும். பிள்ளைகள் உடைக்கப் பயப்பட வேண்டியதில்லை. உடைக்கப் பயப்படாத பிள்ளைதான் கற்றுக்கொள்ளும். "தொடாதே, கெட்டுப்போகும்" என்று ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்ட பள்ளிகளை நாம் பார்க்கவில்லையா?

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் மரக்கிளை கம்பி மேல் விழுகிறது, மின்சாரம் போகிறது. நினைவுப் பகுதியில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பகுதி சிதையலாம். எழுதாத முறையில் ஓடினால் சிதைவதற்கு எதுவும் இல்லை.

இதையெல்லாம் பரவலாக்கியவர்கள் யார்? 2000-இல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் நாப்பிக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார். ஒரு குறுந்தகடு. போட்டால் போதும், எதையும் நிறுவாமல் முழு லினக்ஸும் எழுந்துவிடும். உலகத்தில் ஆயிரம் வகைக் கணினி இருக்கும்போது எல்லாவற்றிலும் எழுப்புவது எப்படி? பூட் வரியில் தட்டுவதற்கென்று நீண்ட பட்டியலையே அவர் கூடவே கொடுத்தார். சீட்கோடு என்று பயனர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2003-இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் பப்பி லினக்ஸ் கொண்டுவந்தார். குட்டி நாய், பெயருக்கேற்ற அளவு. அதில் பி-ஃபிக்ஸ் சமம் ரேம் என்று எழுதினால், சேமித்து வைத்த எதையும் திறக்காமல் புத்தம் புதிதாக எழும். வேறு ஒரு காரணத்துக்காக இன்று டெயில்ஸ் என்ற அமைப்பைப் பலர் எடுத்துப்போகிறார்கள். பயன்படுத்திய சுவடு கணினியில் தங்கக் கூடாது என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

நண்பர்களே, எனக்கு ஒரு வருத்தம் உண்டு. க்வயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்களைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அழைக்காமலேயே வரியில் வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு சொற்கள். க்வயட் என்றால் பேசாதே. ஸ்பிளாஷ் என்றால் அழகான படத்தைக் காட்டி மறைத்துவிடு. கணினி எழும்போது சொல்லும் செய்திகள் எல்லாம் இந்த இரண்டின் பின்னால் போய்விடுகின்றன. எந்த டிஸ்க்கைக் கண்டது, எதைக் காணவில்லை, எங்கே தடுமாறியது என்று அது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குக் கேட்காமல் செய்துவிட்டோம். பழுது பார்க்கும் தம்பிகளே, பென் டிரைவில் எழுப்பும்போது முதல் வேலையாக அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிடுங்கள். கடைசியாக நின்ற வரியைப் படியுங்கள். பாதி நோய் அங்கேயே தெரியும். பயனருக்குப் புரியாது, அதனால் மறைப்போம் என்பது ஒரு சிந்தனை. பயனர் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்பது இன்னொரு சிந்தனை. நான் இரண்டாவது கட்சி.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் இ விசையைத் தட்டி எழுத வேண்டுமா? வேண்டாம். பென் டிரைவில் உள்ள மெனுக் கோப்பிலேயே வரியை எழுதி நிரந்தரமாக்கலாம். ஒரு தடை உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே பென் டிரைவில் பதித்திருந்தால், அது குறுந்தகட்டின் நகல், திருத்த முடியாது. வென்டாய் போன்ற கருவி அதற்கு உதவுகிறது. அதில் ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் போதும். நினைவுக்கான கோப்பைத் தனியாக இணைக்கலாம், மெனுக் கோப்புக்குப் பதிலாக நம்முடையதை வைக்கலாம். பழைய இயந்திரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான கர்னலைக் கைவிட்டுவிட்டது. உங்களுடையது அந்த வயதென்றால் அதற்கு முந்தைய பதிப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அதிகாரம் ஒரு வரிக்கு இருக்கிறது என்றால், அது கெட்டவன் கைக்குப் போனால்? கேட்க வேண்டிய கேள்வி. மறைக்காமல் சொல்லுகிறேன். ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவிய கணினியில், இதே வரியில் இனிட் என்ற பெயருக்கு எதிரே பாஷ் என்ற நிரலின் முகவரியைக் கொடுத்தால், கடவுச்சொல் கேட்காமலே முழு அதிகாரத்தோடு கணினி திறந்துகொள்ளும். கடவுச்சொல்லை மறந்த நிர்வாகிக்கு அது உயிர்காக்கும் வழி. திருட வந்தவனுக்கும் அதே வழிதான். ஒரு பென் டிரைவைச் செருகி உங்கள் அலுவலகக் கணினியின் கோப்புகளைப் பார்க்கவும் எவராலும் முடியும். கடவுச்சொல் வைத்திருக்கிறேன் என்ற நிம்மதி இந்த இடத்தில் செல்லாது. பாதுகாப்பது டிஸ்க்கையே பூட்டெழுத்தாக்கும் என்கிரிப்ஷன் மட்டும்தான். கூடவே பயாஸுக்கு ஒரு கடவுச்சொல், கிரப் மெனுவுக்கு ஒன்று. வங்கிக் கணக்கு, நோயாளி விவரம், மாணவர் பட்டியல் வைத்திருக்கும் எவரும் இதை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

லாட்ஜ் வரவேற்பறையிலோ பிரவுசிங் சென்டரிலோ உங்கள் பென் டிரைவைச் செருக நினைத்தால் உரிமையாளரைக் கேட்டுச் செருகுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் சம்மதித்தாலும், விசைப்பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில் யாராவது உளவுக் கருவி பொருத்தியிருந்தால் உங்கள் லினக்ஸ் அதைக் கண்டுபிடிக்காது. வங்கிக் கணக்கை அங்கே திறக்காமல் இருப்பதே நல்லது.

பேசியது போதும் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது, மூன்று பென் டிரைவ்கள் இருக்கின்றன. ஒன்றில் டெபியன், ஒன்றில் உபுண்டு, ஒன்றில் பப்பி. முதலில் டெபியனைச் செருகுங்கள். மெனு வந்ததும் என்டரைத் தட்டாதீர்கள். பின் வரிசையில் இருந்து முதலில் யார் வருகிறீர்கள்? வாங்க தங்கச்சி, நீங்களே வாங்க.